களவெட்டியிலேயே பசளைக் காசு

(மட்டக்களப்பு படுவான்கரை விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் ஐயா அவர்களே, இத்தனை அலுவலுக்கிடையிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மணி அவர்களே, கமநல சேவை நிலையத்தின் பெரும்பாக உத்தியோகத்தர் அவர்களே, ஆலய வண்ணக்கர்மாரே, வயல்வெளிகளைப் பார்க்கும் வட்டை விதானைமாரே, மாதர் சங்கத் தாய்மாரே, மண்டபம் தந்த அதிபர் அவர்களே, விடியக்காலையிலேயே வந்து ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

பசளை, தடுப்பூசி, நுண்கடன் என்று மூன்று விடயங்கள் பேச வேண்டும். மூன்றையும் ஒரே பழமொழியில் கட்டிவிடலாம்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான்? அறியாமை என்றார்கள், சோம்பல் என்றார்கள். மனிதர் காசு விடயத்தில் உண்மையில் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்கும் நடத்தைப் பொருளியல் வேறு இடத்தில் தேடுகிறது: காசு கையில் இருக்கும் நாளும் அது தேவைப்படும் நாளும் ஒன்றாக வருவதில்லை. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மைக்கேல் கிரெமரும், ஜொனதன் ரொபின்சனோடு சேர்ந்து, மேற்குக் கென்யாவின் புசியாவில் இதைத்தான் சோதித்தார்கள்.

அங்கே சோளன் செய்கை. முழங்காலளவு வளர்ந்த செடிக்கு அரைத் தேக்கரண்டி பசளை போட்டால் நல்ல லாபம். விவசாயிக்கும் அது தெரியும். ‘அடுத்த போகம் போடுவீர்களா?’ என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ‘ஓம்’ என்கிறார்கள். போகம் வந்ததும் பார்த்தால் மூன்றில் ஒருவர் அளவில்தான் போட்டிருக்கிறார். மற்றவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அறுவடைக் காசு பசளை நாள் வரைக்கும் வீட்டில் தங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் செய்த வேலை மிகச் சின்னது. அறுவடை முடிந்த கையோடு ஒரு பணியாளர் வீட்டு வாசலுக்குப் போனார். ‘இப்போதே காசைக் கட்டி, இந்தத் துண்டுக் கடதாசியை வைத்திருங்கள். தேவையான நேரத்தில் பசளை வீடு தேடி வரும்’ என்றார். விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை, ஏற்றுக்கூலி மட்டும் இலவசம். பிந்திப் போய்ப் பாதி விலைக்குக் கொடுப்பதை விட, முந்திப் போய் முழு விலைக்கு விற்றதில் பசளை போட்டவர் தொகை குறையவில்லை. பாதி விலை மானியம் செய்யும் வேலையை ஒரு துண்டுக் கடதாசி செய்தது! காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

நம் பக்கம் வருவோம். பெரும்போக வெள்ளாமை மாசி, பங்குனியில் வெட்டுப்படுகிறது. மெசின் இறங்கிய அன்றே ஈரநெல் வயலிலேயே விலைப்பட்டு, காசு கைக்கு வருகிறது. ஒருபோகக் காணிக்கு அடுத்த விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில்தான். இடையில் சித்திரை வருசம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், பிள்ளைகளின் படிப்புச் செலவு. ஏழு மாதம் எந்தக் காசு தாங்கும்? அரசு தரும் மானியக் காசு வரும் வரைக்கும் பயிர் காத்திருக்காது. பிறகு வட்டிக்கு எடுத்துத்தான் யூரியா வாங்குகிறோம்.

ஆகவே கமக்காரர் அமைப்பின் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு, நெல் விலைப்படும் களவெட்டிக்குப் போக வேண்டும், கடன் கொடுத்தவருக்கு முன்னே போக வேண்டும். ஏக்கருக்கு 50 கிலோ யூரியாப் பை ஒன்று. துண்டில் ரூபாயை எழுதக் கூடாது, கிலோவை எழுத வேண்டும். இல்லாவிட்டால் விலை ஏறும் நாளில் அரைப் பைதான் கிடைக்கும். அதற்காக, காசு சேர்ந்த கிழமையே அமைப்பு மொத்தமாகக் கொள்வனவு செய்துவிட வேண்டும். பையை வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. யூரியா ஈரம் குடித்துக் கட்டிபடும். அயல் வீட்டார் இரவல் கேட்டால் மறுக்கவும் முடியாது. களஞ்சியத்தில் பலகை அடித்து, நிலத்தில் படாமல் அடுக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம், அதில் ஒன்று மாதர் சங்கத்திலிருந்து. துண்டைப் பிறருக்கு விற்கவோ ஈடு வைக்கவோ இடமில்லை. இது தளர்ந்தால் முதல் போகத்திலேயே துண்டெல்லாம் முதலாளி கையில்.

தடுப்பூசிக்கு ஒரு வார்த்தை: இந்தியாவின் உதயப்பூர்ப் பகுதியில் ஊசி போட வந்த தாய்மாருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்புக் கொடுத்தபோது, ஊசிகளை முழுமையாகப் போட்டு முடித்த பிள்ளைகளின் தொகை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நுண்கடனுக்குத் தனிக் கூட்டமே வைக்க வேண்டும். இங்கிருக்கும் தாய்மாருக்கு அது ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெரும்பாக உத்தியோகத்தர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வருகிற வெட்டுக்கு இரண்டே இரண்டு வயல் வட்டையில் தொடங்குவோம். எந்த வட்டை என்பதை விதானைமார் இந்தக் கூட்டம் கலைவதற்குள் சொல்லட்டும். ரசீதுப் புத்தகத்தை நாளைக்கே அச்சுக்குக் கொடுக்கலாம்.