பனியில் ஒற்றைக் கோடு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை ஒன்பது மணி ஆகவில்லை. சுவிஸின் வாலிஸ் மாநிலத்தில் ஸினால் என்ற மலைக் கிராமத்துக்கு மேலே, சொர்புவாவில், கேபிள் காரை விட்டு இறங்கி, இரண்டு காலையும் ஒரே ஸ்னோபோர்ட் பலகையில் குறுக்காகப் பூட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் கிடந்த சரிவில் அதுவரை ஒருவரும் இறங்கியிருக்கவில்லை. இரவிரவாக இயந்திரம் சமன்செய்துவிட்டுப் போன வரிகள், பனையோலை மடிப்புகள் மாதிரி, ஒன்றையொன்று தொடாமல் கீழே வரைக்கும் ஓடின. நான் இறங்கினேன். முதல் வளைவில் பலகை விளிம்பில் ஏறியதும், பனி அரைபடும் சத்தம் நின்று, புதுத் துணி கிழிவது போன்ற மெல்லிய ஒலி மட்டும் கேட்டது. கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒரு விரல் அகலத்தில் ஒற்றைக் கோடு, இடமும் வலமுமாகப் பிறை பிறையாக வளைந்து வந்து என் காலடியில் முடிந்திருந்தது.

இந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன். இதற்குப் பெயர் கார்விங்.

நான் பேர்ண் பக்கத்தில் ஒரு வைத்தியசாலையில் எலும்பு முறிவு வார்டில் தாதியாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 34 வயது வரை பனிச்சறுக்கு என்பது எங்களுக்குரிய விஷயம் இல்லை என்றே நினைத்திருந்தேன். மகள் நான்காம் வகுப்பில் பாடசாலை ஸ்கி லாகருக்கு, அதாவது பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்வந்து, "அம்மா, நீங்களும் வாங்கோ" என்று கேட்டாள். நேயர்களில் பலருக்கும் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அன்றைக்குத் தொடங்கியது, இப்போது 11 குளிர்காலம் ஆகிவிட்டது.

ஸ்னோபோர்ட்டில் இரண்டு விதமாகத் திரும்பலாம். பலகையின் பின்பக்கத்தைத் தள்ளிச் சறுக்கித் திரும்புவது ஒன்று. எல்லோரும் முதலில் பழகுவது அதைத்தான். பலகை குறுக்காக இழுபடும், பனி சிதறும், வேகம் குறையும். தடத்தைப் பார்த்தால் விளக்குமாறால் கூட்டியது போல அகலமாக இருக்கும். கார்விங் வேறு. பலகையைச் சரித்து அதன் உருக்கு விளிம்பின் மேல் நிற்கிறோம். அதற்குப் பிறகு நாங்கள் திருப்பத் தேவையில்லை, பலகை தானாகவே திரும்பும். முனை வெட்டிய பள்ளத்துக்குள்ளேயே வாலும் போகும்.

பலகையை மேலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். உடுக்கை மாதிரி இரண்டு முனையும் அகலம், இடை ஒடுக்கம். சரித்து அழுத்தும்போது அந்த ஒடுங்கிய இடை பனியைத் தொடுவதற்காகக் கீழே வளையும். முழுப் பலகையும் வில்லாகும். அந்தப் பக்க வளைவை நீட்டி ஒரு வட்டம் கீறினால், அந்த வட்டத்தின் ஆரம்தான் கடையில் "ரேடியஸ்" என்று சொல்வது. சாதாரணப் பலகைக்கு 7, 8 மீட்டர் இருக்கும். கார்விங்குக்கென்றே செய்யும் நீண்ட பலகைகளுக்கு 10 முதல் 14 மீட்டர். எவ்வளவு கூடுதலாகச் சரிக்கிறோமோ அவ்வளவுக்கு வட்டம் சிறுக்கும். 60 பாகை சரித்தால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உங்கள் சரிவு எவ்வளவு அகலம், நீங்கள் எவ்வளவு சரிக்கத் துணிவீர்கள் என்று பார்த்துத்தான் இந்த எண்ணைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆரம் பெரிய பலகை அதிக வேகமும் அதிக இடமும் கேட்கும். சனம் நிறைந்த ஒடுங்கிய சரிவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சப்பாத்து இரண்டு வகை. மென்மையான பூட்ஸ் எல்லோரும் போடுவது. கடினமான பிளாஸ்டிக் பூட்ஸ், ஸ்கி பூட்ஸின் உறவுக்காரர். அதற்குத் தகட்டுப் பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையில் பிடிக்கும் பூட்டு, இடை 18 முதல் 21 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள ஒடுங்கிய பலகை. ஒலிம்பிக்கில் இருவர் இருவராகப் பக்கத்துப் பக்கத்தில் கம்பங்களைச் சுற்றி இறங்கும் இணை ராட்சத ஸ்லாலம் ஓடுபவர்கள் இந்த வகைக்காரர்கள். 2002இல் சோல்ட் லேக் சிட்டியில் அந்தப் போட்டி முதன்முதல் நடந்தபோது தங்கம் வென்றவர் எங்கள் சுவிஸ் நாட்டு பிலிப் ஷோக், 2006இலும் அவரேதான். செக் நாட்டு எஸ்டர் லெடெக்கா 2018இல் பியோங்சாங்கில் ஒரே வாரத்துக்குள் ஸ்கியில் சூப்பர் ஜி என்ற வேகப் போட்டியில் தங்கமும் இந்தப் பலகையில் தங்கமும் எடுத்தார். அவரைப் பார்த்த பிறகுதான் என் மகள் கடின பூட்ஸ் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கிளாறுஸ் மாநிலத்தில் பிரவுன்வால்ட் என்ற சின்ன ஊரில் செய்யும் கெஸ்லர் பலகைகளை உலகப் போட்டிகளில் அடிக்கடி காணலாம். ஸினாலுக்கும் இதில் ஒரு பெயர் உண்டு. ஜாக் ரில்லியே, பத்ரிஸ் ஃபிவா என்ற இரண்டு சுவிஸ்காரர்கள், ஒவ்வொரு வளைவிலும் உடம்பு முழுவதும் பனியில் படுக்கும் பாணியை வளர்த்தெடுத்தார்கள். அவர்கள் பழகிய மலை என்பதால்தான் நானும் முதலில் அங்கே போனேன்.

புதிதாகக் கார்விங் பழகுபவர் கடின பூட்ஸுக்கு ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மென்மையான பூட்ஸிலேயே அழகாகச் செய்யலாம். பணம் செலவழிப்பதென்றால் முதலில் பூட்ஸுக்குச் செலவழியுங்கள். முழங்காலை முன்னே மடிக்கும்போது குதி உள்ளே எழும்பக் கூடாது. பலகையை இரண்டு, மூன்று தரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூட்ஸின் நுனியும் குதியும் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நன்றாகச் சரிக்கும்போது அந்த நுனி பனியில் முட்டும். முட்டிய கணத்தில் விளிம்பு பனியை விட்டுக் கிளம்பிவிடும், அடுத்தது விழுகைதான். வீட்டில் கம்பளத்தின் மேல் பலகையை வைத்து, பூட்ஸைப் பூட்டி, கையால் சரித்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் பூட்ஸ் தரையைத் தொடுகிறதோ, அதற்கு மேல் உங்களால் சரிக்க முடியாது. கால் பெரியவர்கள் இடை அகலமான பலகையை எடுக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் முன்னோக்கித் திருப்பிப் பூட்டுவதும் உதவும். முன்கால் 30 பாகை, பின்கால் 15 என்று தொடங்கலாம். வாடகைக் கடையில் பெரும்பாலும் வாத்து நிற்பது போல, பின்காலை வெளிப்பக்கம் திருப்பிப் பூட்டித் தருவார்கள். கேட்டால் உடனே மாற்றித் தருவார்கள்.

விளிம்பு கூராக இருக்க வேண்டும். விரல் நகத்தை விளிம்புக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள், நகத்தூள் படிய வேண்டும். படியாவிட்டால் உறைந்த சரிவில் அந்தப் பலகை உங்களைத் தாங்காது.

பாதங்களை முன்னோக்கித் திருப்பச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை என் சொந்த அனுபவத்தோடுதான் சொல்ல வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன், பேர்ண் மேட்டுநிலத்தில் ஒரு நீலச் சரிவு, அதாவது இலகுவான சரிவு. அகலமானது, சனமும் குறைவு. நான் இடது காலை முன்னால் வைப்பவள். அப்படி நிற்பவருக்கு இடப்பக்கம் முழுவதும் முதுகு. குதிப் பக்கமாகச் சரித்து இடப்பக்கம் திரும்பினேன், அதாவது பார்க்காத பக்கத்துக்கே போனேன். நல்ல வளைவு. சரிவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போய், வேகம் மிச்சம் இருந்ததால், கடைசியில் கொஞ்சம் மேல்நோக்கியும் ஏறியது. அந்த இடத்தில் மேலிருந்து நேராக வந்த ஒரு ஸ்கி இளைஞர் என் முதுகில் மோதினார். எனக்குக் காறை எலும்பு முறிந்தது. அவருக்கு முழங்காலில் காயம்.

பனியில் கிடந்தபோது என் மனதில் ஓடியதெல்லாம் மூன்றாம் விதி. சர்வதேச ஸ்கி சம்மேளனம் 1967இல் பெய்ரூட்டில் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள் 10 உண்டு. மேலிருந்து வருபவர், கீழே போபவருக்கு ஆபத்து இல்லாத பாதையைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது மூன்றாவது. சுவிஸ் நீதிமன்றங்களும் இந்த விதிகளை வைத்துத்தான் பொறுப்பைப் பார்க்கின்றன. ஆகவே பிழை முழுக்க அவருடையது என்று நினைத்தேன். கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் பத்து விதிகளையும் ஆறுதலாக வாசித்தேன். ஐந்தாவது விதி சரிவுக்குள் நுழைபவர், நின்றுவிட்டு மறுபடி புறப்படுபவர் ஆகியோரோடு நின்றுவிடவில்லை. சரிவில் மேல்நோக்கிப் போபவரும், தனக்கும் மற்றவருக்கும் ஆபத்து இல்லை என்று மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறது. என் வளைவு மேல்நோக்கி ஏறியது. நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குக் கார்விங் என்றால் முதலில் கண். சாதாரணமாகச் சறுக்கி வருபவர் ஒரு பாதையை எடுத்து அதிலேயே வருவார். பின்னால் வருபவருக்கு அவர் எங்கே போவார் என்று ஊகிக்க முடியும். கார்விங் செய்பவர் சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு 11 மீட்டர். சில செக்கனில் அகலமான சரிவின் மறு கரைக்கே போய்விடலாம். மேலே வருபவர் அதை எப்படி எதிர்பார்ப்பார்? ஆகவே ஒவ்வொரு தொடர் வளைவுக்கும் முன் நின்று, மேலே வெறுமையாகும் வரை காத்திருந்து புறப்படுகிறேன். ஒரு வளைவு முடிந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில், பலகை தட்டையாகும் அந்தக் கண நேரத்தில், தோளுக்கு மேலால் ஒரு பார்வை. பாதங்கள் முன்னோக்கி இருந்தால் நெஞ்சும் முன்னோக்கும், கழுத்தும் லேசாகத் திரும்பும். முதுகு மறைக்கும் இடம் குறையும். கடின பூட்ஸில் 50, 60 பாகை திருப்பிப் பூட்டுபவர்களுக்கு இந்த வசதி இன்னும் கூட.

வார்டில் நான் காணும் மற்ற விஷயம் மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. ஸ்னோபோர்ட் பழகத் தொடங்கியவர்களுக்கு அதிகம் முறிவதும் மணிக்கட்டுத்தான். மணிக்கட்டுக் கவசம் கையுறைக்குள்ளேயே அடங்கிவிடும். பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கும் பெற்றோர் இதையும் சேர்த்து வாங்குங்கள், உங்களுக்கும் ஒரு சோடி எடுங்கள். விழும்போது விரல்களை மடக்கி, முன்னங்கையால் தாங்கிப் பழகுங்கள்.

பயணம் என்றால், முடிந்தால் முதல்நாள் மாலையே போய்த் தங்குங்கள். பேர்ணிலிருந்து ஸினாலுக்கு ஃபிஸ்ப் வழியாக சியெர் வரை ரயில், பிறகு மஞ்சள் போஸ்ட் பஸ். கார்விங்குக்குக் காலை முதல் இரண்டு மணித்தியாலம்தான் பொன். பதினொரு மணிக்குப் பிறகு சரிவு குண்டும் குழியுமாகும், சனம் கூடும், காலும் களைக்கும். மத்தியானம் சூப் குடித்துவிட்டு வெயிலில் இருங்கள். களைத்த காலோடு நாலு மணிக்கு "கடைசியாக ஒன்று" என்று போக வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் விளையாட்டு விடுமுறை வேறு வேறு வாரத்தில் வரும். பார்த்து, சனம் குறைந்த வாரத்தைத் தெரிவுசெய்யுங்கள். பங்குனியில் இரவு உறைந்த பனி காலையில் கண்ணாடி போல இருக்கும், வெயில் பட்டு மேற்பரப்பு இளகும் வரை பொறுங்கள். மூடுபனி நாளில் சரிவின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, அன்று கார்விங் வேண்டாம்.

சரிவு மூடிய பிறகு ஒருபோதும் இறங்காதீர்கள். மாலையில் சமன்செய்யும் இயந்திரங்கள் செங்குத்தான இடங்களில் இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமான அந்தக் கயிறு இருட்டில் தெரியாது, திடீரென்று விறைத்து எழும்பும். உயிரே போய்விடும். குறித்த சரிவை விட்டு வெளியே போவது தனிப் படிப்பு. பனிச்சரிவு அபாயம் பற்றி டாவோஸ் ஆய்வுநிலையம் குளிர்காலத்தில் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. அதை வாசிக்கத் தெரியாதவர் சரிவின் எல்லைக் கயிற்றைத் தாண்ட வேண்டாம்.

விபத்து நடந்தால், காயப்பட்டவருக்கு மேற்பக்கத்தில் பலகையைக் குத்தி நிறுத்தி இடத்தை மறியுங்கள். ரேகா மீட்பு விமானத்துக்கு 1414, வாலிஸ் மாநிலத்தில் 144. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு ஓய்வுநேர விபத்துக் காப்புறுதியும் வேலையிடத்தினூடாக உண்டு. பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகாதவர்களுக்கும் நோய்க் காப்புறுதியில் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை நானும் மகளும் மறுபடி ஸினாலுக்குப் போகிறோம். எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். அவள் முன்னால் இறங்குவாள். நான் மேலே ஓரமாக நின்று, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்து, வெறுமையானதும் கையை உயர்த்துவேன். அவள் கீழே போய் நின்று, திரும்பி, என் கோட்டுக்கு முன் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துத் தன் கையை உயர்த்துவாள். அதன் பிறகுதான் நான் புறப்படுவேன்.

நன்றி, வணக்கம்.