மலையேறாத சட்டம்

(ஏற்காட்டில் மகளிர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, ஊர்ப் பெரியவர்களே, வணக்கம்.

கீழே சேலத்தில் ஓர் இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனால், மகனுக்கு என்ன பங்கோ அதுதான் மகளுக்கும். பூர்வீகச் சொத்தில் 1989-லேயே தமிழ்நாடு, கல்யாணமாகாத மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. 2005-ல் கல்யாணமான மகளுக்கும் சேர்த்து நாடு முழுக்க அது வந்தது.

ஆனால் இந்த மலையில் இருக்கும் 'மலையாளி' என்ற பழங்குடி இனத்து மகளுக்கு? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு தனியாக அறிவிப்பு வெளியிட்டால் ஒழிய, பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பழங்குடி வழக்கத்தைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்தார்கள். காட்டில் களையெடுத்து, காப்பி பறித்து, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளிடம், "உனக்குத்தான் சீர் செய்தாச்சே" என்று சொல்லவும் அதே வழக்கம்தான் கை கொடுக்கிறது. இது அநியாயம்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஒரு கோண்டு பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சமபங்கு கொடுத்தது. பெண்ணுக்குப் பங்கில்லை என்பதுதான் வழக்கம் என்றால் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு மகளும் டெல்லிவரை வழக்கு நடத்த முடியுமா?

"பொண்ணுக்குக் கொடுத்தால் நிலம் வெளியாள் கைக்குப் போய்விடும்" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நிலம் போகும் பயம் எனக்கும் உண்டு. ஆனால் மகன் கடனுக்கு எழுதிக் கொடுத்தாலும் நிலம் போகத்தானே செய்யும்? பழங்குடி நிலம் பழங்குடி அல்லாதவருக்குப் போகக் கூடாது என்று கடுமையாகத் தடை போடச் சொல்லுங்கள், மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே. நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். அதற்காக மகளின் பங்கைப் பறிக்க வேண்டியதில்லை.

இது ஒரு சமூகத்தை மட்டும் குறை சொல்லும் பேச்சு இல்லை. கேரளத்தில் மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண் வழக்குப் போட்ட பிறகுதான், 1986-ல், பழைய திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவ மகள்களுக்கு அப்பா சொத்தில் சமபங்கு உறுதியானது.

சரி, நாம் என்ன செய்வது? அடுத்த கிராம சபையில் பெண்கள் மொத்தமாகப் போய் உட்காருவோம். 2(2) பிரிவின் கீழ் அறிவிப்பு வேண்டும், நிலம் கைமாறத் தடையும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதச் சொல்வோம். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுவோம்.