மருந்து ஏன் உடனே கேட்பதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியவர்களில் பலர் பத்தே நாளில் திரும்பி வந்து, "டாக்டர், மருந்து கேட்கவே இல்லை, வயிற்றைத்தான் புரட்டுகிறது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். காரணம் மூளைத்தண்டில் இருக்கிறது.

மூளைத்தண்டின் நடுக்கோட்டையொட்டி மேலிருந்து கீழாக ராஃபே என்ற நரம்பணுக் கூட்டங்கள் அமைந்துள்ளன. 1964இல் சுவீடனின் டால்ஸ்ட்ரோம், ஃபுக்ஸே இருவரும் எலியின் மூளைச் சீவல்களில் ஃபார்மால்டிஹைடு ஆவி படவைத்தபோது, நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனினைக் கொண்ட அணுக்கள் மஞ்சளாக ஒளிர்ந்தன. அந்த அணுக் கூட்டங்களுக்கு பி1 முதல் பி9 வரை எண்ணிட்டார்கள். மனித மூளையில் இந்த அணுக்கள் சில லட்சம்தான். ஆனால் மேல் கூட்டங்களின் கிளைகள் பெருமூளை முழுதும் பரவுகின்றன. கீழ்க் கூட்டங்கள் தண்டுவடத்துக்கு இறங்கி வலி, மூச்சு ஆகியவற்றைக் கவனிக்கின்றன.

உடலின் செரோடோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. குமட்டல் வருவது அதனால்தான். குடலின் செரோடோனின் மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதை உணவில் கிடைக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. ஆகவே ரத்தத்தில் செரோடோனின் பார்த்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படி யாராவது பரிசோதனை எழுதிக் கொடுத்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் செரோடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகின்றன. ஆனால் அந்தச் செரோடோனின் ராஃபே அணுவைச் சுற்றியும் தேங்குகிறது. அங்கே 1ஏ என்ற ஏற்பி (செரோடோனின் வந்து ஒட்டும் புரதம்) கடிவாளம்போல இருக்கிறது. செரோடோனின் கூடியதும் இழுத்துப் பிடிக்கிறது, அணுவின் துடிப்பு குறைகிறது. தொடர்ந்து மருந்து சாப்பிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் இந்த ஏற்பி மரத்துப்போகிறது, துடிப்பு மீள்கிறது. தாமதத்துக்கு இது முக்கியமான விளக்கம், முழு விளக்கமல்ல. வெறும் செரோடோனின் குறைவுதான் நோய் என்றால் மறுநாளே சரியாகியிருக்க வேண்டுமே! அந்த எளிய கணக்கு எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை.

எனவே சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரம் பார்க்காமல் மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. முதல் வாரப் படபடப்பைக் குறைக்கப் பாதி அளவில் தொடங்கலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் வீட்டார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும். பாராக்ஸெடினில் இது அதிகம். உடலில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெடினில் குறைவு.

பார்க்கின்சன் நோயிலும் இதே ராஃபேயும் அடிபடுகிறது. 2003இல் ஜெர்மனியின் ஹைகோ பிராக் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த படிநிலைகளின்படி, டோபமின் அணுக்கள் நிறைந்த நடுமூளையின் கருந்திட்டுக்கு முன்பே மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி பாதிக்கப்படுகிறது. சிலருக்குக் கைநடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே மனச்சோர்வு வருவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா கொடுக்கும்போது மிஞ்சியிருக்கும் செரோடோனின் அணுக்களும் அதை டோபமினாக மாற்றுகின்றன. வெளியிட்டதை அளந்து கட்டுப்படுத்தும் வசதி அவற்றுக்கில்லை; நோயாளி விரும்பாமலே உடல் நெளிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனச்சோர்வுக்கு இந்த மாத்திரைகள் சாப்பிடுவோர் வலிக்கு டிரமடால், தொற்றுக்கு லினசோலிட், பார்க்கின்சனுக்கு செலிஜிலின் எதையும் சொல்லாமல் சேர்க்கக்கூடாது. செரோடோனின் மிகுந்தால் சில மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், பதற்றம், காய்ச்சல் வரும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைச் சட்டென மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் கணுக்கால் தாளகதியில் துள்ளும். அப்படித் துள்ளினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.