கதிர் அரிவாளுக்கு 2 எம்.பி. ஏன் வேண்டும்?

(திரையில்: திருத்துறைப்பூண்டி. வெள்ளையடித்த சுவரில் சிவப்பு பெயின்ட்டில் கதிர் அரிவாள் வரைகிறார்கள்.)

இந்தச் சின்னத்தை டெல்டாவில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நெற்கதிரும் கருக்கரிவாளும் இங்கே கை அறிந்த பொருள்கள். முதல் பொதுத்தேர்தலில் இருந்தே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இதுதான் சின்னம். கூட்டணியில் சில இடங்களில் மட்டும் நிற்கிற கட்சி அதை எப்படிக் காப்பாற்றுகிறது? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணியில் கிடைத்தது 6 இடம். ஜெயித்தது தளி, திருத்துறைப்பூண்டி என 2. தேர்தல் ஆணையத்தின் மாநிலக் கட்சி அங்கீகாரம் இருந்தால்தான் சின்னம் கட்சிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த அங்கீகாரத்துக்கு ஒரு வழி, மாநிலம் முழுக்க 6 சதவீத வாக்கும் 2 எம்.எல்.ஏ.வும். 234-ல் 6 தொகுதி என்பது 2.6 சதவீதம்கூட இல்லை. அந்த ஆறிலும் விழுந்த ஓட்டு மொத்தத்தையும் அள்ளினாலும் எட்டாது. இன்னொரு வழி, மொத்த இடத்தில் 3 சதவீதம், அதாவது 7 எம்.எல்.ஏ. நின்றதே 6 பேர்!

(திரையில்: நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி வரைபடம்.)

மிச்சம் இருப்பது மக்களவை. 25 தொகுதிக்கு 1 எம்.பி., மீதி எத்தனை இருந்தாலும் அதற்கும் 1. தமிழ்நாட்டுக்கு 39 தொகுதி, ஆகவே 2 எம்.பி. போதும். 2019, 2024 இரண்டிலும் கட்சி நாகப்பட்டினத்திலும் திருப்பூரிலும் ஜெயித்தது. தொகுதிப் பங்கீட்டில் இரண்டு ஒன்றாகக் குறைந்தால் போவது ஒரு எம்.பி. மட்டும் இல்லை, சின்னத்துக்கான பிடிமானமும்தான்.

அங்கீகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2024-ல் திருச்சியைப் பாருங்கள். ஒரே தொகுதியில் நின்ற மதிமுகவுக்கு அதன் பழைய சின்னமான பம்பரம் கிடைக்கவில்லை. மார்ச் 30-ல் தீப்பெட்டி ஒதுக்கினார்கள். ஏப்ரல் 17 மாலையோடு பிரசாரம் முடிந்தது. ஜெயித்தார்கள், உண்மை. ஆனால் புதுச் சின்னத்தை 18 நாளில் தெருத்தெருவாகக் கொண்டுபோகப் பெரிய கட்சியின் ஆள்பலம் வேண்டும்.

சரி, திமுகவின் உதயசூரியனிலேயே நின்றுவிடலாமே? நிற்கலாம். ஆனால் ஜெயித்தவர் சட்டப்படி திமுக உறுப்பினர். சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று திமுக இடும் கொறடா உத்தரவு அவரைக் கட்டும், மீறினால் பதவி போகலாம். வாங்கிய ஓட்டும் திமுக கணக்கில்தான் சேரும்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலை மசோதா வந்தபோது இடதுசாரி உறுப்பினர்கள் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். ஆட்சிக்குத் தேவை 118. உதயசூரியனில் ஜெயித்தவர்களே 133. எண்ணிக்கையில் இடதுசாரிகளால் எதையும் தடுக்க முடியாது. மசோதா நிறைவேறியது. ஆனால் தொழிற்சங்கங்களும் கிளம்பின. மே 1 அன்று அப்போதைய முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கூட்டணியில் இருந்தபடியே எழுந்து வெளியே வர, சொந்தச் சின்னத்தில் ஜெயித்திருக்க வேண்டும்.

(திரையில்: ஏ படிவம், பி படிவம்.)

வேட்பாளர் கவனத்துக்கு. இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தருவதற்கானவை இந்தப் படிவங்கள். சின்னம் கிடைக்க இந்த இரண்டு படிவமும் மனுத்தாக்கல் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரி கைக்குப் போக வேண்டும். கட்சிப் பொறுப்பாளர் மையில் போட்ட கையெழுத்து மட்டுமே செல்லும். ஜெராக்ஸ், ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து எதுவும் ஏற்க மாட்டார்கள்.