போர்டு மாறினா சிக்னலோட பேரும் மாறும்! ஒரு பவர் பட்டன் படுத்தின பாடு

[திரையில்: மேசையில் லேப்டாப். பட்டனை அழுத்தும் விரல்.]

அழுத்துறேன். ஒண்ணும் இல்ல. மறுபடி அழுத்துறேன். கல்லு மாதிரி கிடக்கு. "மதர்போர்டு போச்சு, மாத்தணும்"னு ஒரு கடையில சொல்லி அனுப்பிட்டாங்களாம். ஆனா இப்போ பாருங்க. மதர்போர்டுல பட்டன் சிக்னல் வந்து சேர்ற பின்னை ட்வீசரால கிரவுண்டோட, அதாவது போர்டோட பொது மைனஸ் லைனோட, ஒரு நொடி தொடுறேன்.

[ஃபேன் சுத்தும் சத்தம்.]

உயிர் இருக்கு மக்களே! கோளாறு வர்ற வழியில எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. (பின் எதுன்னு தெரியாம நீங்க இதைச் செய்யாதீங்க. பக்கத்துப் பின்ல சப்ளை இருந்தா, கடைக்காரர் சொன்னது உண்மையாயிடும்.)

வணக்கம். பாடத்தை அரை நிமிஷத்துல முடிச்சிடுறேன். பட்டன் இருக்கிறது ஒரு குட்டி போர்டுல. அங்கிருந்து ரிப்பன் கேபிள், அப்புறம் மதர்போர்டு, கடைசியா ஈசிங்கிற சிப் (எம்பெடட் கன்ட்ரோலர், பட்டன் அழுத்தினதைக் கவனிச்சு லேப்டாப்பை எழுப்புறது). ஒரே செம்புக் கோட்டுல சேர்ந்திருக்கிற பின்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு 'நெட்'. ஒவ்வொரு நெட்டுக்கும் ஒரு பேர். ஓப்பன்போர்டுவியூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல ஒரு போர்டோட ஃபைலைத் திறந்து ஒரு பின்னை கிளிக் பண்ணா, அந்த நெட்ல இருக்கிற எல்லாப் பின்னும் பளிச்னு தெரியும். அவ்ளோதான்.

ஆனா அந்த ஃபைல்ல இருக்கிறது ஒரே ஒரு போர்டு. கனெக்டர் வரைக்கும் வெளிச்சம், அதுக்கு அந்தப் பக்கம் இருட்டு. கீகேட்னு போர்டு வரையிற சாஃப்ட்வேர்ல டிசைன் பண்றவங்களுக்கும் இதே கதை, ஒரு புராஜெக்ட்டுக்கு ஒரு போர்டு.

அப்போ ரெண்டு ஃபைலையும் எடுத்து, ஒரே பேர் இருக்கிற நெட்டை ஒட்டிட்டா போச்சுல்ல? நானும் அப்படித்தான் நெனச்சேன். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே வருது.

ரெண்டு போர்டு ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற சீரியல் லைனை எடுத்துக்கோங்க. டிஎக்ஸ்னா வாய், ஆர்எக்ஸ்னா காது. இந்த போர்டோட வாய் அந்த போர்டோட காதுக்குத்தான் போகணும். அதாவது ஒரே கம்பிக்கு இந்தப் பக்கம் டிஎக்ஸ்னு பேரு, அந்தப் பக்கம் ஆர்எக்ஸ்னு பேரு. நம்ம வீட்டு உறவுமுறை மாதிரியே இல்ல? ஒரே மனுஷன், அண்ணன் பசங்களுக்குச் சித்தப்பா, அக்கா பசங்களுக்கு மாமா. பேரை வச்சு ஆளைத் தேடினா சித்தப்பாவை இன்னொரு சித்தப்பாவோட ஒட்டி வச்சிடுவோம். ரெண்டு வாயும் பேசும், கேட்க ஆள் இருக்காது!

அதனால, ரெண்டு போர்டோட நெட்டையும் சேர்த்துக் காட்ட நான் எழுதின குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட் பேரையே பார்க்காது. எந்தக் கனெக்டரோட எந்தப் பின், எதிர்ல எந்தப் பின்னுக்குப் போகுதுங்கிற அட்டவணையை மட்டும்தான் நம்பும். வழியில சீரிஸ் ரெசிஸ்டர் (கோட்டுக்கு நடுவுல உக்காந்திருக்கிற மின்தடை) வந்தா அதையும் தாண்டிப் போகும், ஏன்னா ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கமும் நெட் பேர் வேற.

முதல் தடவை ஓட்டினேன். திரை முழுக்க மஞ்சள்! எல்லாமே ஒரே நெட்டுன்னு ரெண்டு போர்டையும் மொத்தமா பளிச்னு காட்டுது. என்னன்னு பார்த்தா, ஒரு ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்குள்ள போயிடுச்சு. கிரவுண்டைத் தொட்டா கிராமத்துக் கல்யாணம் மாதிரி, எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். கிரவுண்டும் சப்ளை லைனும் வந்தா நின்னுடுன்னு ஒரு வரி சேர்த்தேன்.

சரி, நம்ம பட்டன். மதர்போர்டுல அது 3ஆம் பின். குட்டி போர்டுலயும் 3ஆம் பின்ல மீட்டர் வச்சேன் (இணைப்பு இருந்தா பீப் அடிக்கும்). பட்டனை அழுத்தினா பீப் இல்ல. குட்டி போர்டு காலின்னு எழுதியே வச்சிட்டேன்! ஆனா இந்த 8 பின் கேபிள் போற விதத்துல 1ஆம் பின் எதிர்ல 8ஆ நிக்குது. ரெண்டு பக்க எண்ணையும் கூட்டினா எப்பவும் 9. அப்போ 3க்கு ஜோடி 6. அட்டவணையைத் திருத்தி ஓட்டினேன், ஸ்கிரிப்ட் நேரா 6ஐக் காட்டுச்சு. மீட்டரை வச்சு பட்டனை அழுத்தினேன். பீப்!

ஒரு குறுக்குத் தகவல்: 2017ல வந்த ஐபோன் எக்ஸ்ல ரெண்டு போர்டை அடுக்கி, நடுவுல ஒரு ஃப்ரேம் வச்சு சால்டரே பண்ணிட்டாங்க. கழட்டிப் பார்க்கக் கேபிளே கிடையாது. ரிப்பேர்காரங்களை நெனச்சா பாவமா இருக்கு.

இங்க மதர்போர்டு நல்லா இருக்கு, குட்டி போர்டும் நல்லா இருக்கு. மிச்சம் இருக்கிறது கேபிள். ஒரு முனையில 3, மறுமுனையில 6, மீட்டர் வைக்கிறேன். சத்தமே இல்ல. மடிப்பு விழுந்த இடத்துல, லென்ஸ்ல பாருங்க, முடி மாதிரி ஒரு விரிசல்.

[திரையில்: புது கேபிள். பட்டனை அழுத்தும் விரல். ஃபேன் சத்தம்.]

ஸ்கிரிப்ட் வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க. 3ஆம் பின்ல ஏமாந்தவங்க வேற யாராச்சும் இருந்தாலும் சொல்லுங்க, எனக்கு ஒரு துணை வேணும்.