வேலை கொடுங்கள், ஆள் வருவார்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று நம் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் எதற்குப் போனாலும், நோயாளிகளையும் ஏழைகளையும் தேடிப் போய்ப் பார்க்கிற பங்கு மக்களின் அமைப்புகளான மரியாயின் சேனையிலோ வின்சென்ட் தே பவுல் சபையிலோ பொறுப்பில் இருப்பவர்கள் என்னிடம் சொல்கிற குறை ஒன்றுதான்: "பதிவேட்டில் முப்பது பேர் இருக்காங்க, கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வர்றாங்க, என்ன பண்றது?" பூசை முடிந்ததும் அறிவிப்புக் கொடுத்துப் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள், பங்குச் சாமியாரை விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். அப்போதும் அதே ஏழு பேர்.

நான் சொல்வது இதுதான். கூட்டத்துக்கு வாங்க என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, ஒரு வேலையைச் செய்யக் கூப்பிடுங்கள்.

வின்சென்ட் தே பவுல் சபை பிறந்த கதையைப் பாருங்கள். 1833, பாரிஸ் நகரம். பிரெடெரிக் ஓசானாம் என்கிற இருபது வயது மாணவரும் நண்பர்களும் நடத்திய விவாதக் கூட்டத்தில், அந்தக் காலத்தில் உங்கள் திருச்சபை செய்ததெல்லாம் இருக்கட்டும், இப்போது ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஓசானாமும் இன்னொரு நண்பரும் தங்களிடம் மிச்சமிருந்த குளிர்கால விறகைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஏழை வீட்டில் கொடுத்தார்கள். எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரோசலி ரென்டு (Rendu) என்கிற அருட்சகோதரி. வீடு தேடிப் போகிற அந்தப் பழக்கத்தில் வளர்ந்த சபை இது.

மரியாயின் சேனையும் அப்படித்தான். 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் முதல் கூட்டம் கூடியபோதே ஒரு மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். அதைத் தொடங்கிய பிராங்க் டஃப் ஏற்கெனவே வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர், அதனால் வீடு சந்திப்பு அவருக்குப் புதிதில்லை. இருவர் இருவராகப் போக வேண்டும், போய்வந்ததை அடுத்த வாரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது சேனையின் விதி.

நம் ஊரில் என்ன நடக்கிறது? செபம், போன கூட்டத்து அறிக்கை, வரவு செலவு, அப்புறம் தலைவர் முக்கால் மணி நேரம் பேசுகிறார், டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். வீடு சந்திப்பெல்லாம் செயலாளர் ஒருவர் தலையில். போன வாரம் நீ என்ன செய்தாய் என்று யாருமே கேட்காத இடத்துக்கு ஓர் ஆள் எத்தனை வாரம் வருவார்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. காலனித் தெருவிலிருந்து வருகிறவருக்கு நாற்காலி தூக்குகிற வேலை, வசதியான வீட்டுக்காரருக்குப் பொருளாளர் பதவி என்று பல சபைகளில் வருடக்கணக்காக நடக்கிறது. ஆள் குறைகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் இதைத் திருத்த வேண்டும். பொறுப்பு சுற்றி வரட்டும்.

நம் மக்களுக்கு மனம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த அன்று யார் யாரைக் கூப்பிட்டார்கள்? கூட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆட்கள் அரிவாளோடு வந்து விழுந்த தென்னையை வெட்டி வழிவிட்டார்கள், கூரை போன வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள், சோறாக்கிப் போட்டார்கள். கண் முன்னால் வேலை இருந்தது, வந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கிளையில், மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் கூட்டத்துக்கே வரமாட்டார். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டியைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போக முடியுமா என்று கேட்டார்கள். போனார். காகிதம் சரியாகும்வரை திரும்பத் திரும்பப் போனார், ஒவ்வொரு வாரமும் நடந்ததைச் சொல்வதற்காகவே கூட்டத்துக்கு வந்தார், இப்போது பக்கத்துத் தெருவில் இன்னும் சிலருக்கும் அவர்தான் மனு எழுதிக்கொடுக்கிறார்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். நடவு நேரத்தில் விடியுமுன்னே வயலுக்குப் போய் இடுப்பொடிந்து வருகிற அக்காவைச் சாயங்காலக் கூட்டத்துக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்வது நியாயமே இல்லை. கடலோரப் பங்குகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களைச் சேர்க்க அதைவிட நல்ல காலம் இல்லை, கையில் காசில்லாத வீடுகளைச் சந்திக்க வேண்டியதும் அப்போதுதான்.

புதியவர்களுக்கு ஆகஸ்ட் கடைசி. 29ஆம் தேதி வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நம் ஊர்ச் சாலை வழியாகத்தான் நடந்து போகிறார்கள். உறுப்பினராகச் சேருங்கள் என்று படிவத்தை நீட்டாமல், ராத்திரி ரெண்டு மணி நேரம் தண்ணீர் கொடுக்கவும் காலில் கொப்புளம் வந்தவர்களுக்கு மருந்து போடவும் பழைய உறுப்பினர் ஒருவரோடு சேர்த்து அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் பேசுவதற்கு முன்னால் அந்தப் பையனை, அந்தப் பெண்ணைப் பேசச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.