எதிரி பீரங்கிகளை வாய்மூட வைத்த துணி விமானம்!

பறக்கிற விமானத்தைக் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்த முடியுமா? 1945 ஏப்ரலில், ஜெர்மனியில், டுவேன் ஃப்ரான்சிஸ், வில்லியம் மார்ட்டின் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதைச் செய்து காட்டினார்கள். மரங்களை ஒட்டிப் பறந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன் உளவு விமானத்தின் மேல் தங்கள் குட்டி விமானத்தைப் பாய்ச்சி, பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படபடவென்று சுட்டார்கள். தப்பிக்கத் திரும்பிய ஜெர்மன் விமானத்தின் இறக்கை தரையில் உரசியது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இவர்களும் இறங்கி, அதில் இருந்த இருவரையும் சிறைபிடித்தார்கள்!

அவர்கள் ஓட்டியது பைப்பர் எல்-4. சிவிலியன்கள் பறக்கப் பழகிய பைப்பர் கப் விமானத்துக்கு ராணுவப் பச்சை அடித்தால் அதுதான். 1942 ஜூனில் அமெரிக்க ராணுவம் தன் பீரங்கிப் படைக்கென்றே தனி விமானப் பிரிவை ஏற்படுத்தியது. அவ்வளவுதான் வரலாறு.

[திரையில்: எல்-4 முன்பக்கம், நெருக்கத்தில்]

இந்த விமானத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே இழுத்துப் போர்த்திய துணி. 65 குதிரைத்திறன் இன்ஜின், இன்றைய ஒரு சின்ன கார் அளவுக்குத்தான். வெளியே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் பெட்ரோல் மீட்டர். டேங்குக்குள் மிதக்கும் ஒரு கார்க். அதில் செருகிய கம்பி, கண்ணாடிக்கு முன்னால் மூடி வழியாக நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி இறங்க இறங்க, பெட்ரோல் தீர்கிறது!

சரி, இதை வைத்து எப்படிப் போர் செய்தார்கள்? ரேடியோவால். பின் சீட்டில் இருப்பவர் எதிரியின் இடத்தைப் பல கிலோமீட்டர் பின்னால் இருக்கும் தன் பீரங்கிகளுக்குச் சொல்வார். ஒரு குண்டு வந்து விழும். புகை எழுந்த இடத்தைப் பார்த்து, "இருநூறு கஜம் வலது, நானூறு கூட்டு" என்பார். கூட்டு என்றால் இன்னும் அவ்வளவு தள்ளிச் சுடு என்று அர்த்தம். அடுத்தது இலக்கைத் தாண்டி விழுந்தால் பாதி தூரம் குறைப்பார். இப்படி நெருக்கிக்கொண்டே வந்து இலக்கைப் பிடித்ததும், எல்லா பீரங்கிகளும் சேர்ந்து முழங்கும்.

அதனால் இது தலைக்கு மேலே சுற்றும்போது ஜெர்மன் பீரங்கிக்காரர்கள் பெரும்பாலும் சுடவே மாட்டார்கள். சுட்டால் நெருப்பும் புகையும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குண்டுகூடப் போடாமல், வெறுமனே பறந்தே ஒரு பீரங்கி வரிசையை அமைதியாக்கியது இந்த விமானம். போர் விமானம் துரத்தி வந்தால் மரங்களின் உயரத்துக்கு இறங்கிச் சட்டென்று திரும்பிவிடும். அத்தனை வேகத்தில் வருபவனால் அப்படித் திரும்ப முடியாது.

அப்புறம், மேஜர் சார்லஸ் கார்ப்பென்டர் என்று ஒருவர். 1944-இல் தன் எல்-4-இல் ஆறு பசூக்காக்களை, அதாவது வீரர்கள் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குழாய்களைக் கட்டி, ஜெர்மன் டாங்குகளை அடித்தவர். அந்த விமானம் இன்றும் மாசசூசெட்ஸில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையம் முழுக்க இவர் கதைதான் ஓடுகிறது. அசாத்திய துணிச்சல், மறுக்கவே மாட்டேன். ஆனாலும் என்னைக் கேட்டால், ஆறு பசூக்காவைவிட அந்த ஒரு ரேடியோ பெரிய ஆயுதம். அதன் பின்னால் ஒரு பீரங்கிப் படையே நின்றது. நீங்கள் பசூக்கா பக்கமா, ரேடியோ பக்கமா? காரணத்தோடு கமெண்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.